38 டாலர் ஷேர்: ஃபேஸ்புக்கை வாங்கி வைத்தவருக்கு என்ன ஆனது?

2012 மே 18, வெள்ளிக்கிழமை. நியூயார்க்கில் காலை 11 மணி, நம்மூரில் இரவு எட்டரை. நாஸ்டாக் சந்தையில் ஃபேஸ்புக் ஷேர் வர்த்தகம் தொடங்கியிருக்க வேண்டிய நேரம். தொடங்கவில்லை. வந்து குவிந்த ஆர்டர்களை வைத்து முதல் விலையைக் கணக்கிட வேண்டிய மென்பொருள் கணக்கை முடிப்பதற்குள் யாராவது ஒரு ஆர்டரை ரத்து செய்தார்கள். உடனே அது மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட்டது. அதற்குள் இன்னொரு ரத்து. செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றிவிட்டு, அரை மணி நேரம் தாமதமாக 42.05 டாலரில் வர்த்தகம் ஆரம்பித்தது. தங்கள் ஆர்டர் நிறைவேறியதா இல்லையா என்றே தெரியாமல் பல புரோக்கர்கள் மதியம் வரை உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் விலை 38.23. வெளியீட்டு விலை 38. வெளியீட்டை நடத்திய வங்கிகள் 38-க்குக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்ததால்தான் அந்த 23 சென்ட் லாபமும். இந்தக் குளறுபடிக்காக அடுத்த ஆண்டு நாஸ்டாக் ஒரு கோடி டாலர் அபராதம் கட்டியது.

"சோஷியல் மீடியா கம்பெனி ஷேர் வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் எல்லோரும் கூடவே ஒரு காரணத்தையும் சொல்வார்கள். உலகமே அதில்தானே கிடக்கிறது, அப்புறம் எப்படி நஷ்டம் வரும்? பொதுவாகப் பேசினால் இந்தப் பேச்சு எங்கும் போய்ச் சேராது. அதனால் அன்றைக்கு 38 டாலருக்கு வாங்கிய ஒரு ஷேரை மட்டும் எடுத்துக்கொண்டு 2024 கடைசி வரை அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். நடுவில் ஒருமுறை, ஸ்னாப்சாட் செயலியை நடத்தும் ஸ்னாப் கம்பெனியையும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வாங்கிய விலை

2011-ல் ஃபேஸ்புக்கின் வருமானம் 371 கோடி டாலர், லாபம் 100 கோடி டாலர். வெளியீட்டு விலைப்படி கம்பெனியின் மொத்த மதிப்பு 10,400 கோடி டாலர். அதாவது ஆண்டு லாபத்தைப் போல 104 மடங்கு. முதலில் சொன்ன விலை 28 முதல் 35 டாலர். கூட்டம் முண்டியடிப்பதைப் பார்த்து அதை 34 முதல் 38 ஆக்கினார்கள். விற்கும் ஷேர்களின் எண்ணிக்கையையும் கால் பங்கு கூட்டினார்கள். விற்பனைக்கு வந்த 42.1 கோடி ஷேர்களில் கம்பெனி புதிதாக வெளியிட்டவை 18 கோடி மட்டும். மீதி 24.1 கோடியை விற்றவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்த முதலீட்டாளர்கள். கம்பெனியை உள்ளிருந்து பார்த்தவர்கள் பாதிக்கும் மேற்பட்ட சரக்கை இறக்கி வைக்கும் நாளில், வெளியில் நின்றவர்கள் வரிசை கட்டி வாங்கினார்கள். எந்த ஐபிஓ, அதாவது முதல் ஷேர் வெளியீடு, வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான்.

வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்னால், ஃபேஸ்புக்கில் தந்துவந்த சுமார் ஒரு கோடி டாலர் விளம்பரத்தை நிறுத்தப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் முடிவெடுத்த செய்தி வெளியானது. அதற்கு ஆறு நாள் முன்பு கம்பெனியே தன் வெளியீட்டு ஆவணத்தில் ஒரு திருத்தம் சேர்த்திருந்தது: பயனாளர்கள் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு மாறுகிறார்கள், போனில் நமக்குச் சொல்லும்படியான வருமானம் இல்லை. இதைப் படித்த வங்கி ஆய்வாளர்கள் தங்கள் வருமானக் கணிப்பைக் குறைத்தார்கள். குறைத்த சேதி பெரிய வாடிக்கையாளர்களின் காதுக்குப் போனது, சில்லறை முதலீட்டாளருக்கு வரவில்லை. இதற்காக மாசசூசெட்ஸ் மாநில அதிகாரிகள், வெளியீட்டை முன்நின்று நடத்திய மார்கன் ஸ்டான்லி வங்கிக்கு 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். முதலீட்டாளர்கள் போட்ட வழக்கு 2018-ல் மூன்றரைக் கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் ஷேர் விலை எங்கோ போயிருந்தது, அது வேறு கதை.

2012 செப்டம்பர் 4 அன்று ஷேர் 17.73 டாலரில் முடிந்தது. மூன்றரை மாதத்தில் பாதிக்கு மேல் காலி. பழைய முதலீட்டாளர்களுக்கு இருந்த விற்பனைத் தடை ஆகஸ்டில் ஒரு பகுதி விலகியதும், 2004-லேயே ஐந்து லட்சம் டாலர் போட்டு உள்ளே வந்த பீட்டர் தீல் தன்னிடம் மிச்சமிருந்ததில் பெரும்பகுதியை விற்றார். நவம்பர் நடுவில் இன்னும் 80 கோடி ஷேர்கள் விடுபடப் போகின்றன, அன்றைக்கு விலை தரைமட்டமாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்கு விலை 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து விலையில் முன்பே இறங்கியிருந்தது என்று பிறகு எழுதினார்கள். நடந்து முடிந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

போனில் காசு வந்த கதை

இந்த ஷேரைக் காப்பாற்றியது ஒரே ஒரு மாற்றம். விளம்பரத்தைப் பக்கவாட்டு ஓரத்திலிருந்து எடுத்து, நண்பர்களின் பதிவுகளுக்கு நடுவே வைத்தார்கள். சின்னப் போன் திரையில் ஓரம் ஏது? விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது, அத்தை மகளின் கல்யாணப் போட்டோவுக்குக் கீழே ஒரு மிக்ஸி விளம்பரம். 2012 மூன்றாம் காலாண்டில் விளம்பர வருமானத்தில் 14 சதவீதம் போனிலிருந்து வந்தது. அடுத்த காலாண்டில் 23. 2013 நடுவில் 41. அந்த ஆண்டுக் கடைசியில் 53. 2013 ஆகஸ்டில் ஷேர் 38-க்கு மேலே முடிந்தது. வாங்கியவர் அசலைப் பார்க்கப் பதினான்கு மாதத்துக்கு மேல் ஆனது.

இதே காலத்தில் வாங்கிய இன்ஸ்டாகிராமைப் பலர் சாமர்த்தியமான கொள்முதல் என்பார்கள். சரிதான். 2012 ஏப்ரலில், 13 பேர் வேலை பார்த்த கம்பெனிக்கு 100 கோடி டாலர் பேசினார்கள். அதில் பெரும்பகுதியை ஷேராகத் தந்ததால், விலை விழுந்தபோது உண்மையில் கொடுத்தது அதைவிடக் குறைவு. ஆனால் போனில் விளம்பரம் வைக்கும் வித்தை கைக்கு வந்திருக்காவிட்டால் இன்ஸ்டாகிராமும் வெறும் படம் காட்டும் பெட்டியாகவே இருந்திருக்கும். 2005-ல் நியூஸ் கார்ப்பரேஷன் 58 கோடி டாலருக்கு வாங்கிய மைஸ்பேஸிலும் கூட்டம் இருந்தது. 2011-ல் அதை மூன்றரைக் கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிறார். கடை கிடையாது. வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், அதன் மேல் மடித்து அடுக்கிய சேலைகள், ரிங் லைட் ஒன்று, போன் ஒன்று. காலையில் ஒரு சேலையை விரித்துக் காட்டி அரை நிமிட வீடியோ எடுப்பார். அதை இன்ஸ்டாகிராமில் விளம்பரமாக்கி, நாளைக்கு 300 ரூபாய் என்று கட்டிவிடுவார். விளம்பரத்தைத் தொட்டால் நேராக அவருடைய வாட்ஸ்அப் திறக்கும். "விலை?", "பிளவுஸ் சேர்த்தா?", "சிஓடி இருக்கா?" என்று மத்தியானத்துக்குள் இருபது, இருபத்தைந்து பேர். அதில் இரண்டோ மூன்றோ ஆர்டராகும். பொங்கல், தீபாவளி சமயம் 300-ஐ ஆயிரம் ஆக்குவார். ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாமே என்றேன். "நிறுத்துனா அன்னைக்கே போன் அடிக்காதுங்கண்ணா" என்றார். வீட்டு வாடகைக்கு, கரண்ட் பில்லுக்கு ஒதுக்குவது போல இதற்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

அவர் ஃபேஸ்புக் ஷேர் வாங்கியதில்லை, வாங்கப் போவதுமில்லை. ஆனால் அந்த ஷேரின் மதிப்பு அந்த 300 ரூபாயில்தான் நிற்கிறது. மெட்டாவின் (ஃபேஸ்புக் கம்பெனியின் இப்போதைய பெயர்) 2023 வருமானம் 13,490 கோடி டாலர். அதில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரம். கணக்குத் திறந்து வைத்திருக்கும் முந்நூறு கோடிப் பேரில் கிட்டத்தட்ட யாரும் கம்பெனிக்குக் காசு தருவதில்லை. தினமும் திரும்பி வந்து கட்டணம் கட்டும் சிறு வியாபாரிகள் தருகிறார்கள். பயனாளர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஷேர் வாங்குவது, தேர்க்கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு உண்டியல் வருமானம் இவ்வளவு என்று சொல்வது மாதிரி.

கூட்டம் எங்கே, காசு எங்கே என்பதற்குக் கம்பெனியே ஒரு கணக்கு வெளியிட்டு வந்தது. 2023 கடைசிக் காலாண்டில் ஃபேஸ்புக் பயனாளர் ஒருவர் மூலம் வந்த வருமானம் அமெரிக்கா, கனடாவில் 68.44 டாலர். ஐரோப்பாவில் 23.14. இந்தியாவை உள்ளடக்கிய ஆசிய பசிபிக் பகுதியில் 5.52. பயனாளர் எண்ணிக்கையில் இந்தியா முதலிடம் என்ற பெருமையை இந்த எண்ணோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: சீனாவில் ஃபேஸ்புக் 2009 முதல் தடை. ஆனாலும் 2023 வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சீன விளம்பரதாரர்களிடமிருந்து வந்தது. அங்கிருந்து சரக்கை அமெரிக்க வீடுகளுக்கு அனுப்பும் கம்பெனிகள் அமெரிக்கர்களின் போனில் விளம்பரம் வைக்கின்றன. பயனாளர் ஒரு நாட்டில், கட்டணம் கட்டுபவர் இன்னொரு நாட்டில். வரி, சுங்கம் என்று இரு நாடுகளுக்குள் உரசல் வந்தால் அது இங்கேயும் எதிரொலிக்கும்.

இரண்டு சரிவுகள்

2018-ல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது. கோடிக்கணக்கான ஃபேஸ்புக் பயனாளர்களின் விவரங்கள் ஒரு அரசியல் ஆலோசனைக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தன. மார்ச்சில் விலை இறங்கி, ஜூலைக்குள் பழைய உயரத்தையும் தாண்டியது. சரி, தப்பித்தோம் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், ஜூலை 26 அன்று ஒரே நாளில் 19 சதவீதம் விழுந்தது. சுமார் 12,000 கோடி டாலர் மதிப்பு போனது. அந்த விவகாரம் செய்ததைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது நிதித் தலைவரின் ஒரு வாக்கியம்: இனி வருமான வளர்ச்சி குறையும், பாதுகாப்புச் செலவு கூடும், லாப விகிதம் இறங்கும். அடுத்த ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் 500 கோடி டாலர் அபராதம் போட்டது. ஷேர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. தார்மீகக் கோபத்தை வைத்து இந்தப் பங்குகளை விற்றவர்களும் வாங்கியவர்களும் எனக்குத் தெரிந்து ஒரே மாதிரிதான் ஏமாந்தார்கள்.

2022 வேறு மாதிரி. இது இந்தத் தொழிலின் அடித்தளத்திலேயே விழுந்த விரிசல், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 14.5-ல் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. ஒரு செயலியைத் திறந்ததும், மற்ற செயலிகளிலும் தளங்களிலும் நீங்கள் செய்வதை இது பின்தொடரலாமா என்று கேட்கும். இரண்டு பொத்தான்கள். யார் "சரி, பின்னாலேயே வா" என்று சொல்வார்கள்? பெரும்பாலோர் வேண்டாம் என்று தொட்டார்கள். அதற்கு முன்பு ஒருவர் ஃபேஸ்புக்கில் செருப்பு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வேறொரு தளத்தில் அந்தச் செருப்பை வாங்கினால், அந்த விளம்பரத்தால்தான் வாங்கினார் என்று ஃபேஸ்புக் காட்டிவிடும். வியாபாரியும் அடுத்த வாரம் கூடுதல் பணம் கட்டுவார். அந்தக் கண்ணி அறுந்தது. விளம்பரம் வேலை செய்திருக்கலாம், ஆனால் செய்தது என்று நிரூபிக்க முடியவில்லை. 2022-ல் இதனால் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று நிதித் தலைவர் டேவிட் வேனர் சொன்னார்.

அதைச் சொன்ன அதே முடிவு அறிக்கையில், ஃபேஸ்புக்கின் தினசரிப் பயனாளர் எண்ணிக்கை முதல் முறையாக ஒரு துளி குறைந்திருந்தது. டிக்டாக் ஒரு பக்கம் இளைஞர்களின் நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 3 அன்று ஷேர் 26 சதவீதம் சரிந்தது. சுமார் 23,200 கோடி டாலர் மதிப்பு ஒரே நாளில் மறைந்தது. அதுவரை அமெரிக்கச் சந்தையில் எந்தக் கம்பெனியும் ஒரு நாளில் அவ்வளவு இழந்ததில்லை.

இதற்கு மேல் மெட்டாவெர்ஸ். 2021 அக்டோபரில் கம்பெனியின் பெயரையே மெட்டா என்று மாற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு உலவும் உலகம் ஒன்றைக் கட்டுகிறோம் என்று இறங்கினார் மார்க் ஸக்கர்பெர்க். அந்தப் பிரிவின் நஷ்டம் 2021-ல் 1,000 கோடி டாலரைத் தாண்டியது, 2022-ல் 1,370 கோடி. 2022 அக்டோபர் 26 அன்று, வருமானம் குறைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஆண்டுச் செலவு 9,600 கோடி முதல் 10,100 கோடி டாலர் வரை போகும் என்று அறிவித்தார்கள். மறுநாள் கிட்டத்தட்ட 25 சதவீதச் சரிவு. நவம்பர் 3 அன்று 88.91 டாலர். 2021 செப்டம்பரில் 382-ல் முடிந்த ஷேர் இது. நூற்றுக்கு சுமார் எழுபத்தேழு ரூபாய் போனது.

கம்பெனியின் கணக்கும் ரசிக்கும்படி இல்லை. 2021-ல், விலை உச்சத்தில் இருந்த ஆண்டில், 4,400 கோடி டாலருக்கு மேல் செலவழித்துத் தன் ஷேரைத் தானே திரும்ப வாங்கியது. சராசரி விலை 300 டாலருக்கு மேல். 90 டாலருக்குக் கிடைத்த நேரத்தில் அவ்வளவு ஆர்வம் இல்லை. கம்பெனி தன் ஷேரை எப்போது வாங்க வேண்டும் என்று கம்பெனிக்கே தெரியாது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு கடிதமும் ஓட்டும்

அந்த அக்டோபரில் ஆல்டிமீட்டர் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைவர் பிராட் கெர்ஸ்ட்னர் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆட்களை இருபது சதவீதம் குறையுங்கள், மெட்டாவெர்ஸ் செலவை ஆண்டுக்கு 500 கோடி டாலருக்குள் நிறுத்துங்கள் என்றார். கடிதம் எழுதுவதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியாது. மெட்டாவில் இரண்டு வகை ஷேர்கள். நீங்களும் நானும் வாங்கும் ஏ வகைக்கு ஒரு ஓட்டு, ஸக்கர்பெர்க் கையில் இருக்கும் பி வகைக்குப் பத்து. கம்பெனியில் அவர் பங்கு சுமார் 13 சதவீதம்தான், ஓட்டில் சுமார் 60 சதவீதம். மற்ற எல்லோரும் சேர்ந்து கை தூக்கினாலும் அவரை அசைக்க முடியாது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். நவம்பர் 9 அன்று 11,000 பேரை வேலையிலிருந்து எடுத்தார். அடுத்த மார்ச்சில் இன்னும் 10,000 பேர் என்றார். 2023-ஐச் செயல்திறன் ஆண்டு என்று அறிவித்தார். ஆப்பிள் அறுத்த கண்ணியை, செயற்கை நுண்ணறிவை வைத்து வேறு வழியில் ஒட்டினார்கள். யார் என்ன வாங்கினார் என்று பின்தொடராமலேயே, யார் வாங்கக்கூடும் என்று ஊகிக்கும் இயந்திரம். லாப விகிதம் 2022-ல் 25 சதவீதத்துக்கு இறங்கியது, 2024-ல் 42-க்கு ஏறியது. 2023-ல் மட்டும் ஷேர் 194 சதவீதம் உயர்ந்தது. 2024 பிப்ரவரியில் முதல் முறையாக டிவிடெண்டு அறிவித்தார்கள், காலாண்டுக்கு 50 சென்ட். மறுநாள் ஷேர் 20 சதவீதம் ஏறியது.

இதைச் சிலர் முதலீட்டாளர்களின் குரலுக்கு நிர்வாகம் செவிசாய்த்த கதையாகச் சொல்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அவர் தானாக மனம் மாறினார், அவ்வளவுதான். மாறாமல் இருந்திருந்தாலும் கேட்க ஆள் இல்லை. மெட்டாவெர்ஸ் பிரிவின் செலவையும் அவர் நிறுத்தவில்லை. 2020 முதல் 2024 வரை அதன் நஷ்டம் 6,000 கோடி டாலருக்கு மேல். 2022-ல் அதற்காகச் சந்தை அவரைத் துவைத்தது, 2024-ல் அதைவிடப் பெரிய நஷ்டத்தைக் கண்டும் காணாமல் விட்டது. விளம்பரக் காசு வழிந்துகொண்டிருந்ததுதான் வித்தியாசம்.

பத்தாயிரம் டாலரின் பயணம்

38 டாலருக்கு 10,000 டாலரைப் போட்டவருக்கு 263 ஷேர் கிடைத்திருக்கும். 2012 செப்டம்பரில் அதன் மதிப்பு சுமார் 4,660 டாலர். 2021 செப்டம்பரில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 2022 நவம்பர் 3 அன்று சுமார் 23,400. 2024 டிசம்பர் 31 அன்று, ஒரு ஷேர் 585.51 என்ற விலையில், ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

இதில் என்னை உறுத்தும் எண் அந்த 23,400. பத்தரை ஆண்டில் 2.3 மடங்கு. அதே நாளில் அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் பணத்தைப் போட்டுவிட்டுத் தூங்கியவருக்கு, டிவிடெண்டைச் சேர்க்காமலேயே, 1,295-லிருந்து 3,720 ஆகி 2.9 மடங்கு கிடைத்தது. வரலாற்றிலேயே வெற்றிகரமான சோஷியல் மீடியா கம்பெனியை முதல் நாளே வாங்கி, பத்து ஆண்டு கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர், ஒன்றும் தெரியாமல் குறியீட்டை வாங்கியவரிடம் தோற்றிருந்தார். நம் நிஃப்டியை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். அது அந்தக் காலத்தில் 4,900-லிருந்து 18,000-க்குப் போனது. டாலர் 54 ரூபாயிலிருந்து 82-க்கு ஏறியதைச் சேர்த்தும் ஃபேஸ்புக்கால் நிஃப்டியைத் தாண்ட முடியவில்லை. இன்னும் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் அதே ஷேர் 15 மடங்கு, குறியீடு நாலரை மடங்கு. ஒரே கம்பெனி, ஒரே வாங்கிய விலை. கேட்கும் தேதியைப் பொறுத்துப் பதில் தலைகீழாகிறது. "நீண்ட காலம் வைத்திருந்தால் போதும்" என்று சொல்பவர்கள் இந்த 2022 நவம்பர் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஸ்னாப்: கூட்டம் பெருத்தது, விலை இளைத்தது

2017 மார்ச்சில் ஸ்னாப் கம்பெனி 17 டாலருக்கு ஷேர் வெளியிட்டது. பொதுமக்களுக்கு விற்ற ஷேருக்கு ஓட்டே கிடையாது. முதல் நாள் 24.48-ல் முடிந்தது. அப்போது தினசரிப் பயனாளர்கள் 15.8 கோடி, 2016 வருமானம் 40 கோடி டாலர். 2024 கடைசியில் பயனாளர்கள் 45.3 கோடி, வருமானம் 536 கோடி. கூட்டம் கிட்டத்தட்ட மும்மடங்கு, வருமானம் பதின்மூன்று மடங்கு. ஷேர் விலை? 10.77 டாலர்.

எங்கே போனது அந்த வளர்ச்சி? ஒரு முழு ஆண்டுகூட லாபம் வரவில்லை. 2024 நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாகத் தந்த ஷேர்களின் மதிப்பு 2023-ல் மட்டும் 130 கோடி டாலர். பானை பெரிதாகிக்கொண்டே போனது, பங்கு கேட்கும் கைகளும் பெருகிக்கொண்டே போயின. இடையில் 2021 செப்டம்பரில் 83 டாலர் வரை போனது உண்மை. 2022 மே 24 அன்று, முன்பு சொன்ன வருமானத்தை எட்ட மாட்டோம் என்று ஒரு வரி சொன்னதற்காக ஒரே நாளில் 43 சதவீதம் விழுந்ததும் உண்மை. ஃபேஸ்புக்கிடம் வரும் லட்சக்கணக்கான சிறு வியாபாரிகளின் 300 ரூபாய் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் காசு ஸ்னாப்பிடம் அந்த அளவுக்கு இல்லை. பெரிய பிராண்டுகளின் விளம்பரத்தை அது அதிகம் நம்பியிருந்தது. பொருளாதாரம் மந்தமானால் பெரிய கம்பெனிகள் முதலில் வெட்டுவது அந்தச் செலவைத்தான்.

ட்விட்டர் கதை சுருக்கம். 2013-ல் 26 டாலர் வெளியீடு, 2022-ல் ஈலான் மஸ்க் 54.20 கொடுத்து வாங்கினார். ஒன்பது ஆண்டில் இரண்டு மடங்கு. அதுவும் வாங்கியவர் இடையில் பின்வாங்கப் பார்த்து, வழக்குக்குப் பயந்து கொடுத்த விலை. நம்மூர்க் கூ செயலிக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. 2020-ல் ஆரம்பித்து, டைகர் குளோபல் போன்ற பெரிய முதலீட்டாளர்களின் பணம் வந்து, வாங்க ஆள் தேடிப் பேசிய பேச்சுகள் முறிந்து, 2024 ஜூலையில் மூடினார்கள்.

இங்கிருந்து வாங்குபவருக்கு

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தின் வழியில் ஒருவர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். பிறகு வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். டிவிடெண்டில் அமெரிக்காவே 25 சதவீதம் எடுத்துக்கொண்டுதான் அனுப்பும். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்து விற்றால் இங்கே 12.5 சதவீத வரி. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒரு ஷேர் இருந்தாலும் காட்ட வேண்டும். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர், அங்கே வசிக்காதவர் இறந்தால், அவர் பெயரில் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்க ஷேர் இருந்தால், மிகுதிக்கு 40 சதவீதம் வரை அமெரிக்க வாரிசு வரி வரலாம்.

மியூச்சுவல் ஃபண்டு வழியும் உண்டு. பராக் பரிக் ஃப்ளெக்ஸி கேப் மாதிரி, மெட்டாவையும் சேர்த்து வைத்திருந்த ஃபண்டுகள் இருந்தன. ஆனால் மொத்த ஃபண்டுத் துறையும் சேர்ந்து வெளிநாட்டு ஷேர் வாங்க 700 கோடி டாலர் உச்சவரம்பு. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் அது நிரம்பி, புதிதாக வாங்குவது நின்றது. மெட்டா 26 சதவீதம் விழுந்த அதே வாரம். மலிவாகக் கிடைத்த நேரத்தில் கடைக் கதவு இந்தப் பக்கமிருந்து சாத்தியிருந்தது.

என் கணக்கில் மெட்டா ஷேர் நேரடியாக இல்லை, குறியீட்டு ஃபண்டு ஒன்றில் மற்ற 499 கம்பெனிகளோடு கலந்து இருக்கிறது. நேரடியாக வாங்கச் சொல்லி யாரையும் ஊக்கப்படுத்தும் துணிச்சல் எனக்கு இல்லை. வாங்கியே தீருவேன் என்பவரிடம் கேட்பது இவ்வளவுதான்: முக்கால்வாசி பணம் போன ஒரு வியாழக்கிழமை ராத்திரி, ஓட்டு இருந்தும் பயனில்லாத ஷேரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் மனம் மாறுவாரா என்று காத்திருப்பீர்களா? 2022 நவம்பர் 3 வியாழக்கிழமைதான். அன்றைக்கு விலை அந்த ஆண்டு லாபத்தைப் போல வெறும் பத்து மடங்கு. 2012-ல் 104 மடங்குக்கு வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு வாங்கினார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இளம்பிள்ளையில் அன்றைக்கும் 300 ரூபாய் கட்டியிருந்தார்கள்.